ரெட் ஸ்பெஷல் வயரிங்: மூன்றாவது முயற்சியில் இரைச்சல் போயிற்று

குவீன் ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே தானே செய்த கிட்டார்தான் ரெட் ஸ்பெஷல். அதன் வயரிங்கை என் கிட்டாரில் போட்டுப் பார்க்கிறேன். நேற்று ராத்திரி நடு பிக்கப்பின் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) ஃபேஸ் ஸ்விட்சை, அதாவது சிக்னலைத் தலைகீழாகத் திருப்பும் ஸ்விட்சை, தள்ளினேன். இரைச்சல் இல்லை. பிக்கப்பின் உலோக மூடியில் விரலை வைத்தேன். அப்போதும் இல்லை. மூன்று வாரமாக என்னைப் படுத்திய சங்கதி அடங்கிவிட்டது. சந்தோஷத்தில் ஒரு மணி வரை தூங்கவே இல்லை.

பிரையன் மே கிட்டாரை மரத்திலிருந்தே செய்யும் தைரியம் எனக்கு இல்லை. அவர் 1963இல், பதினாறு வயதில், அப்பா ஹெரால்டோடு சேர்ந்து லண்டனின் மேற்கே ஃபெல்ட்ஹாம் வீட்டில் அதைத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மேல்சட்டத்து மகோகனி. அதில் புழு அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். தந்திகளின் சுருதியை அசைக்கும் ட்ரெமோலோவுக்குப் பழைய மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு. அதன் கைப்பிடி நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. கழுத்தில் பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பொத்தான்கள். வேலை முடிய இரண்டு வருஷம் ஆயிற்று. 1970இல் ஃப்ரெடி மெர்க்குரி, ரோஜர் டெய்லரோடு குவீன் குழு தொடங்கியபோதும், 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் நின்று தேசிய கீதம் வாசித்தபோதும் அவர் கையில் இருந்தது இதே கிட்டார்தான்.

நான் எடுத்துக்கொண்டது வயரிங் மட்டும். பழைய மலிவு கிட்டாரில் மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப், ஆறு ஸ்லைடு ஸ்விட்ச். ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஆன்-ஆஃப் ஒன்று, ஃபேஸ் ஒன்று. மூன்றும் தொடர் இணைப்பு. இங்கேதான் முதல் தடவை மாட்டிக்கொண்டேன். வழக்கமான இணை இணைப்பில் பிக்கப்பைக் கழற்றிவிட்டால் அது ஆஃப். தொடரில் அப்படிச் செய்தால் பாதையே அறுந்து கிட்டார் ஊமையாகிவிடும். ஆஃப் செய்த பிக்கப்பின் இரு முனையையும் ஸ்விட்ச் ஒன்றாகச் சேர்த்து, சிக்னல் அதைச் சுற்றிக்கொண்டு போக வழிவிட வேண்டும்.

இரண்டாவது தடவை சத்தம் வந்தது, இரைச்சலோடு. நேர் நிலையில், ஒற்றை பிக்கப் மட்டும் ஆனில் இருந்தால் சுத்தம். ஃபேஸைத் திருப்பியதும் உர்ர்ர். மூடியைத் தொட்டால் இன்னும் மோசம். எர்த் சரியில்லை என்று நினைத்து நான்கு நாள் எர்த் வயர்களையே மாற்றி மாற்றிப் பற்றவைத்தேன். கடைசியில் மல்டிமீட்டரை மூடிக்கும் சுருளின் ஒரு முனைக்கும் நடுவே வைத்தபோது பீப் அடித்தது. மூடியைச் சுருளின் எர்த் முனையோடு சேர்த்து ஒரு குட்டிக் கம்பி, அரை அங்குலம்கூட இருக்காது. ஃபேஸைத் திருப்பினால் அந்த முனை சிக்னல் முனையாகிவிடுகிறது. மூடி ஆன்டெனா ஆகிவிடுகிறது. தொடரில் மேலே இருக்கும் பிக்கப்புக்கு நேர் நிலையிலும் இதே கதி. அந்தக் கம்பியை நறுக்கி, மூடிக்குத் தனியாக மூன்றாவது வயர் போட்டு நேராக எர்த்துக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான். நறுக்கும்போது பூதக்கண்ணாடி கட்டாயம்: சுருளின் கம்பி தலைமுடியைவிட மெல்லிசு, பட்டால் பிக்கப் காலி.

பிக்கப் விஷயத்தில் மேயும் லேசில் தப்பவில்லை. முதலில் பொத்தான் காந்தம் வைத்து அவரே சுருள் சுற்றினார். தந்தியைப் பக்கவாட்டில் வளைத்தால் கரகரவென்று வேண்டாத சத்தம் வந்ததால், பர்ன்ஸ் ட்ரை-சானிக் என்ற பிக்கப் மூன்று வாங்கி, அவை கீச்சிடாமலிருக்க உள்ளே அரால்டைட் பசை ஊற்றினார். எனக்கும் அது பாக்கி இருக்கிறது. ஊற்றிவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது என்பதால் கை வரவில்லை.

ஸ்விட்ச் வாங்குகிறவர்களுக்கு: முதலில் வந்தவற்றில் இரண்டு, ஈயம் வைத்த சூட்டிலேயே உருகிவிட்டன. இப்போது கொஞ்சம் விலை கூடினாலும் பேக்கலைட் தகடு உள்ளவற்றையே எடுக்கிறேன்.

மேயின் வழக்கமான சேர்க்கை நடு பிக்கப்பும் பாலத்துப் பக்கத்து (தந்திகள் கிட்டாரின் உடலில் தாங்கி நிற்கும் இடம்) பிக்கப்பும் ஒரே ஃபேஸில். வாசித்துப் பார்த்தேன், தடிமனாக, பாடுகிற மாதிரி வருகிறது. தந்தியை மீட்டும் பிளெக்ட்ரத்துக்குப் பதில் அவரைப் போல நாணயம் வைத்தால் தந்தியில் பட்டதும் சின்னதாக ஒரு சரசரப்பு. அந்தச் சரசரப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மேல் சுருதிகளைத் தூக்கிக் கொடுக்கும் ட்ரெபிள் பூஸ்டர் இல்லாமல் அந்தத் தொனி முழுசாக வராது. அயர்லாந்து கிட்டார் கலைஞர் ரோரி கல்லஹரைப் பார்த்துத்தான் மே பூஸ்டரும் வாக்ஸ் ஏசி30 ஆம்பும் என்ற ஜோடிக்கு வந்தார். பூஸ்டர் செய்ய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் நான்கு சொல்லி வைத்திருக்கிறேன். மின்கசிவு அளந்து நல்லதாக ஒன்று தேறினால் போதும். பின்தகடு இன்னும் மூடவில்லை. அரால்டைட் ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்துவிட்டு மூடுகிறேன்.