நகராத கடை

கடை திறந்த முதல் வாரம். மன்னார்குடிப் பக்கம், காலேஜ் போகிற வழியில் பத்துக்குப் பத்து இடம். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், மீதி இடத்தில் நோட்டு, பேனா, சார்ட் பேப்பர். மேலே ‘ஸ்டேஷனரி’ என்று இங்கிலீஷில், நீலத்தில் மஞ்சள் எழுத்து போட்ட போர்டு. ஒருவர் ரோட்டில் நின்று அதையே ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். தெருக்கோடி வீட்டு இங்கிலீஷ் சார். ரிடையர் ஆன பிறகும் சட்டைப்பையில் சிவப்புப் பேனா குத்தியிருப்பவர்.

“தம்பி, கடையை வேற எடத்துக்கு மாத்துற யோசனை இருக்கா?”

“இல்லியே சார். இப்பத்தானே திறந்திருக்கேன்.”

“அதான் பார்த்தேன். நகராதுன்னு போர்டுலயே போட்டுட்டியே!”

கடைசியிலிருந்து மூன்றாவது எழுத்துதான் வில்லன். அங்கே ஈ வந்தால் நோட்டு, பேனா. ஏ வந்தால் அசையாமல் நிற்பது. நான் ஏ போட்டிருந்தேன். பெயிண்டரைப் பிடித்து உலுக்கலாமென்றால், நான் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை மனுஷன் பத்திரமாக வைத்திருந்தார்.

பள்ளிக்கும் பல்லிக்கும் நாக்கு கொஞ்சம் மடங்கினாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இங்கே எப்படிச் சொன்னாலும் ஸ்டேஷனரிதான். “என்வலப் ஈ-யில ஆரம்பிக்கும். அதை விக்கிற கடைக்கும் ஈ” என்று சார் வழி சொன்னார். போர்டைத் திருத்திவிட்டேன். அச்சடித்து வந்த பில் புக்கை என்ன செய்வது? சார் ரீஃபில் வாங்கினார், பில் கொடுத்தேன். அந்த ஏ-யைச் சிவப்பில் வட்டம் போட்டு, ஓரத்தில் பத்துக்கு ஒன்பது என்று மார்க் போட்டுத் திருப்பித் தந்தார். காசு மட்டும் கரெக்டாகக் கொடுத்தார்.

அதோடு விட்டதா? ஜனவரி பிறக்கப் போகிறது, டைரி வந்திருக்கிறது என்று கடைப் பையன் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினான். நடுவில் ஐ-யும் ஏ-யும் இடம் மாறிவிட்டன. மறுநாள் காலை ஆறரைக்கு சார் கையில் தூக்கோடு வந்து நிற்கிறார்.

“அரை லிட்டர் குடுப்பா.”

“என்ன சார்?”

“பால். பண்ணை வெச்சிருக்கிறதா ஒட்டியிருக்கியே!”

வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமல் தூக்கை எடுத்து வந்திருப்பார் போல. அன்றைக்கு அந்த வீட்டில் காப்பி எத்தனை மணிக்கு என்று தெரியவில்லை.

லெட்டர் டைப் அடிக்க வரும் காலேஜ் பிள்ளைகள் தனி ரகம். ஒரு பையன் ஐடி கார்டைத் தொலைத்துவிட்டு, தொலைப்பதற்கு ஓர் ஓ போதும் என்ற இடத்தில் தாராளமாக இரண்டு போட்டு எழுதி வந்தான். சார் எட்டிப் பார்த்து, “தொலைச்சதைச் சொல்லலை, தம்பி தன்னைப் பத்தி ‘லூஸ்’னு சொல்லியிருக்கார்” என்றார். அதே லெட்டர் பிரின்சிபாலுக்குப் போகாமல் கொள்கைக்குப் போயிருந்தது, பி, எல், ஈ என்று முடிந்து. அதற்கும் சாரிடம் மருந்து உண்டு. “கடைசி மூணு எழுத்தை நம்ம ஊர்ல படி. பி, ஏ, எல். பால்! பால் இருந்தா ஆளு, இல்லேன்னா கொள்கை.” (இவருக்கு ஏன் சுற்றிச் சுற்றிப் பால் மேலேயே கண் என்று எனக்குச் சந்தேகம்.) அந்தப் பையன் அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். நானும்தான்.

ஒருநாள் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது செல்லில் தேடினேன். கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈ போட்ட ஸ்டேஷனரி, ஏ போட்ட ஸ்டேஷனரி இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவையாம்! அந்தக் காலத்து ஐரோப்பாவில் வியாபாரிகள் பலர் சரக்கைச் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள். பல்கலைக்கழகத்துப் பக்கம் புத்தகம், காகிதம் விற்றவர்களோ ஓரிடத்தில் கடை போட்டு உட்கார்ந்தார்கள். நகராத கடைக்காரர் என்பதுதான் அவர்கள் பெயரே. லண்டனில் 1403-லேயே அவர்களுக்குச் சங்கம் இருந்து, 1557-ல் அரச சாசனமும் வாங்கியிருக்கிறார்கள்.

சார் வந்ததும் செல்லை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்து இரண்டு தடவை படித்தார். பேசவில்லை. அன்றைய பில்லை வாங்கினார், சிவப்புப் பேனாவை எடுத்தார், ஒன்பதரை போட்டார்.

“முழுசா ஒண்ணு ஏத்தலாமே சார்?”

பேனாவை மூடாமல் வாசலுக்குப் போய்ப் பக்கத்துச் சுவரைக் காட்டினார்.

“ஜெராக்ஸுக்கு மொத எழுத்து இசட்டா தம்பி?”