பியன்சா: ஒரு போப்பாண்டவர் கட்டிய ஊர்

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், சியனாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 490 மீட்டர் உயரக் குன்றின்மேல் அமைந்த பியன்சாவின் பழைய ஊரைக் கால்மணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். அப்போது கொர்சிஞானோ என்னும் பெயர்கொண்டிருந்த இச்சிற்றூரில் 1405-இல் பிறந்த ஏனியா சில்வியோ பிக்கொலோமினி, 1458-இல் இரண்டாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவரானதும், மறு ஆண்டே பெர்னார்தோ ரொசெல்லினோ என்ற கலைஞரைக் கொண்டு ஊரின் நடுப்பகுதியைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்; ஊருக்கும் தம் பெயரைத் தழுவிப் பியன்சா என்று பெயர் சூட்டினார். செலவு மதிப்பீட்டைப் பல மடங்கு மீறி 50,000 பொற்காசுகளைத் தாண்டியபோது, உண்மைத் தொகையை முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு அழகைக் கட்டச் சம்மதித்திருக்கமாட்டேன் என்று கூறி, ரொசெல்லினோவுக்கு 100 காசுகளும் செந்நிற அங்கியும் பரிசளித்தார் அவர். ஊரார் பணமென்றால் தாராளம் எளிதுதான்!

பேராலயத்துக்குள் வெளிச்சம் நிறைய வேண்டுமென்பது அவருடைய விருப்பம். அதற்காகப் பீடப்பகுதியைத் தெற்கு நோக்கித் திருப்பி, சரிவின் விளிம்பில் நிறுத்தினார்கள். அடியில் களிமண் இருந்ததால் கட்டும்போதே விரிசல் கண்டது. இன்றும் பீடத்தை நோக்கி நடக்கையில் தரை முன்னே இறங்குவதைக் கால்கள் தெளிவாக உணர்கின்றன. பேராலயத்தில் எதையும் மாற்றுவோர் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்று 1462-இல் அவர் பிறப்பித்த ஆணை களிமண்ணைக் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும், பக்கத்து மாளிகையின் பின்புறத்து மூன்றடுக்குத் தாழ்வாரத்திலிருந்து அமியாத்தா மலை வரை விரியும் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது, அந்தக் கிறுக்கை மன்னிக்கத் தோன்றுகிறது.

ஊர் மையம் 1996-இலும், சுற்றியுள்ள ஓர்சா பள்ளத்தாக்கு 2004-இலும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. சைப்ரஸ் மரவரிசைகளைப் படமெடுக்க வருவோர் பலருக்கும் இது கடினமான மண் என்பது தெரிவதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் விளைச்சலில் பங்குக்கு உழுதுவந்த குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட, கைவிடப்பட்ட நிலங்களுக்கு சார்டினியத் தீவிலிருந்து இடையர்கள் மந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். கடைகளெங்கும் மணக்கும் பெக்கோரினோ என்னும் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி, இன்று இவ்வளவு கிடைப்பதற்கு அவர்களும் ஒரு காரணம். அக்ரூட் இலைகளுக்குள் பொதிந்து முதிரவைத்த வகையில் லேசான துவர்ப்பு இருக்கும். எனக்கு அதுவே பிடித்தது.

கோடையில் செல்வோர் அருகிலுள்ள மொந்திக்கியெல்லோவைத் தவறவிட வேண்டாம். 1967 முதல் அவ்வூர் மக்கள் தங்கள் வாழ்க்கையையே நாடகமாக எழுதி, ஊர்ச் சதுக்கத்தில் தாங்களே நடித்துவருகிறார்கள்.