சொல் நிற்கும் இடம்

ஜூன் 3

எட்டு வயது மகளுக்கு ஆங்கில வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொடுப்பதற்காக இன்று முதல் மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அவளுக்குச் சொற்கள் நிறையத் தெரியும், கோக்கத்தான் தெரியவில்லை. 'நான் புத்தகம் படித்தேன்' என்பதை 'ஐ புக் ரெட்' என்று எழுதினாள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்னும் தமிழ் வரிசையை அவள் பிசகாமல் பின்பற்றியிருக்கிறாள் என்பதால், சிவப்பு மையால் அதை அடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 5

'பூனை', 'எலியை', 'துரத்தியது' என்று மூன்று தாள் துண்டுகளில் எழுதிக்கொடுத்து, விருப்பம்போல் மாற்றி அடுக்கச் சொன்னேன். எப்படி அடுக்கினாலும் துரத்துவது பூனையாகவே இருப்பதைக் கண்டு வியந்தாள். பிறகு 'தி கேட்', 'சேஸ்ட்', 'தி ராட்' என்னும் துண்டுகளைக் கொடுத்தேன். முதல் துண்டும் கடைசித் துண்டும் இடம் மாறியதும் எலி பூனையைத் துரத்தத் தொடங்கிவிட்டது. சிரித்து முடித்தபின், "இங்கிலீஷில் எலிக்கு 'ஐ' கிடையாதா அப்பா?" என்று கேட்டாள். நான் பாடமாகச் சொல்ல நினைத்திருந்ததை அவளே கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் செய்கிறது. 'ஹீ', 'ஹிம்' போன்ற சில சொற்களில் மட்டும் வடிவமும் மாறுகிறது.

ஜூன் 6

அதே விளையாட்டு, வேறு விலங்குகள். புதிதாக எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 10

'ஷீ டாக்டர்' என்று எழுதினாள். 'அவள் மருத்துவர்' என்பதில் வினைச்சொல் இல்லாததால் ஆங்கிலத்திலும் தேவையில்லை என்று எண்ணியிருக்கிறாள். கட்டளைகள் தவிர, ஆங்கில வாக்கியத்தில் பொதுவாக எழுவாயும் வினையும் இருந்தாக வேண்டும் என்பதற்கு 'இட் இஸ் ரெய்னிங்' என்பதைக் காட்டினேன். அந்த 'இட்' எதைக் குறிக்கிறது என்று வெகுநேரம் கேட்டாள். எதையும் குறிக்கவில்லை, எழுவாயின் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகவே அங்கே இருக்கிறது என்றேன்.

ஜூன் 14

'ஹீ கோ' என்பதைத் திருத்த, வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறது என்று எழுதி விகுதிகளுக்கு அடியில் கோடிடச் சொன்னேன். தமிழில் ஒவ்வொருவருக்கும் ஒரு விகுதி இருக்க, ஆங்கில நிகழ்காலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு எஞ்சியிருப்பது 'ஹீ', 'ஷீ', 'இட்' ஆகியவற்றோடு வரும் அந்த ஒரே 'எஸ்' தான் என்றதும், "அதையாவது மறக்காமல் போடுகிறேன்" என்றாள். ஆர்வத்தில் 'டஸ் ஹீ கோஸ்?' என்றும் எழுதிவிட்டாள். 'டஸ்' அந்த எஸ்ஸை ஏற்கெனவே வாங்கிக்கொண்டதை ஓர் அம்புக்குறி போட்டு விளக்கினேன்.

ஜூன் 17

இன்று தவறு என்னுடையது. அவள் எழுதிய பத்து வாக்கியங்களிலும் 'எ', 'தி' விடுபட்ட இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் திருத்தினேன். அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். தமிழில் நேர் இணை இல்லாத அந்தச் சொற்களை ஒரே மாலையில் திணித்திருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழையை மட்டுமே இனித் தொடுவேன்.

ஜூன் 20

தாள் துண்டுகளைத் தேடாமல், 'மை கேட் டஸ் நாட் சேஸஸ் ராட்' என்று தானாகவே எழுதினாள். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, 'சேஸஸ்' என்பதைச் 'சேஸ்' ஆக்கி, 'டஸ்' மீது ஓர் அம்புக்குறி வரைந்தாள். 'ராட்' பன்மையாக இருக்க வேண்டும் என்பதை நாளைக்கு வைத்துக்கொண்டேன்.