மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனோம்

மகளின் பிரசவத்துக்காக மெல்போர்ன் போக வேண்டியிருந்தது. விசா, டிக்கெட் எல்லாம் அவளே பார்த்துக்கொண்டாள். எங்கள் தலைவலி தஞ்சாவூர் வீடுதான். ஊருக்கு வெளியே புதிதாக வந்த நகர். பக்கத்தில் ஒரு வீடு, எதிரில் ஒரு வீடு, பின்னால் சீமைக்கருவேலம் மண்டிய காலி மனைகள். இப்படி ஒரு வீட்டைப் பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று பேப்பரில் வாரம் ஒரு செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

முதலில் தச்சரைக் கூப்பிட்டேன். நல்ல பெரிய பூட்டாக வாங்கிவிடலாமா என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய், நாதாங்கியில் இருந்த ஸ்குரூ ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முக்கால் அங்குலம் இருக்கும். “பூட்டை யாரு சார் உடைக்கிறான்? இதுக்குள்ள கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு, நாலு ஸ்குரூவும் மரத்தோட பிடுங்கிக்கிட்டு வந்துடும். பூட்டு பூட்டினபடியே தொங்கும்.”

அந்த ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, கதவை ஊடுருவிப் போகும் போல்ட் போட்டு உள்பக்கம் வாஷரும் நட்டும் வைத்து முறுக்கினார். கீல்களுக்கு நீள ஸ்குரூ. பின்கதவுக்கு உள்ளே குறுக்காக ஓர் இரும்புப் பட்டை. அதைத் தாங்கும் கொக்கிகளை நிலையில் அடிப்பதற்கு முன், கரையான் இருக்கிறதா என்று உளியின் பின்பக்கத்தால் நிலை முழுக்கத் தட்டிப் பார்த்தார். வாசல் கதவில் தொங்கு பூட்டே வேண்டாம், கதவுக்குள் பதிக்கும் பூட்டு போதும் என்றார். வெளியே தொங்கும் பூட்டு, ஆள் இல்லை என்று தெருவுக்கே சொல்லிவிடும். கேட்டுக்கும் அப்படித்தான்: சங்கிலியைத் திருப்பி, பூட்டு உள்பக்கம் தொங்கும்படி செய்துவிட்டோம். கம்பிக்கு இடையே கையை விட்டுத்தான் பூட்ட வேண்டும். கொஞ்சம் சிரமம்தான்.

உண்மையில் ஆள் இல்லை என்று வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. நோட்டம் பார்ப்பவன் தேடுவது வாசலில் சேர்ந்து கிடக்கும் பேப்பர், சருகு, பகலிலும் எரியும் போர்ட்டிகோ விளக்கு, நாலைந்து நாளாகக் கோலம் இல்லாத வாசல். வேலைக்கு வரும் அக்காவுக்குச் சம்பளத்தை நிறுத்தவில்லை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். கேட் சாவி மட்டும் அவரிடம். வெளி விளக்கு தானாக மாலையில் எரிந்து காலையில் அணைய டைமர் போட்டோம். பக்கத்து வீட்டுக்காரர் தன் இரண்டாவது பைக்கை எங்கள் போர்ட்டிகோவில் நிறுத்திக்கொண்டார்.

கேமராவில் ஒரு சிக்கல். ஊருக்குப் போகும்போது மெயினை அணைப்பது எல்லோருக்கும் பழக்கம். அணைத்தால் கேமராவும் படுத்துவிடும். எலக்ட்ரீஷியன் கேமரா, வெளி விளக்கு இரண்டையும் இன்வெர்ட்டரில் கொடுத்து, மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டருக்கு மின்சாரம் வரும்படி தனி லைன் பிரித்தார். பதிவுப் பெட்டியை டிவி பக்கத்திலிருந்து எடுத்துப் பரண்மேல் வைத்தோம். திருடன் கண்ணில் பட்டால் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

நகைக்கு லாக்கர். இங்கேதான் அலைச்சல். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் “காலி இல்லை” என்றார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒரு இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட லாக்கர் விதிகளைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். லாக்கர் காலியில்லை என்றால் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு காத்திருப்போர் பட்டியல் எண் தர வேண்டும். டெபாசிட் கேட்கலாம், ஆனால் அது மூன்று வருட வாடகையும், தேவைப்பட்டால் லாக்கரை உடைக்கும் செலவும் சேர்ந்த அளவுக்குத்தான். எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து எண் கேட்டேன். முகம் சுளித்தாலும் கொடுத்தார்கள். லாக்கர் கடைசியில் வேறொரு வங்கியின் கிளையில்தான் கிடைத்தது.

லாக்கர் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொள்ளை, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய பவுன் விலையில் அது எத்தனை பவுனுக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளம், நிலநடுக்கம் என்றால், வங்கியின் கவனக்குறைவு இல்லாதவரை அதுவும் கிடையாது. இருந்தாலும் பீரோவைவிட லாக்கர் எவ்வளவோ மேல். யாராவது திறந்தால் அன்றைக்கே எஸ்எம்எஸ் வந்தாக வேண்டும் என்பதும் விதிதான்.

உள்ளே வைப்பதற்கு முன் ஒவ்வொரு நகையையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எண் கட்டாயம். எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும். மகளுக்கு வாங்கிய வளையலின் உள்பக்கத்தில் லென்ஸ் வைத்துப் படித்து, ஹால்மார்க் தரும் அரசு அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் சரிபார்த்துக் குறித்துக்கொண்டோம். அம்மாவின் அட்டிகைக்கு பில்லும் இல்லை, எண்ணும் இல்லை. எடை போட்டு, ஒரு கல் உடைந்திருக்கும் இடத்தைத் தனியாகப் படம் எடுத்து வைத்தோம். களவு போய்க் கிடைத்தால் நம்முடையது என்று காட்ட அடையாளம் வேண்டுமே.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் ‘பாரத் கிரக ரக்ஷா’ என்ற வீட்டு பாலிசி எடுத்தால் எல்லாம் அடக்கம் என்றார். வாசகத்தைப் படித்தால், தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து, அதனால் ஏழு நாளுக்குள் திருட்டுப் போனால்தான் அதில் பணம் வரும். வெறும் கன்னக்களவுக்குத் தனியாக எடுக்க வேண்டும். எடுத்தோம். வீடு தொடர்ந்து ஆளில்லாமல் கிடக்கப் போகிறது என்பதைக் கம்பெனிக்குக் கடிதமாகவே கொடுத்து, ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். அதைச் செய்யாவிட்டால் நாளைக்கு அதையே காரணம் காட்டுவார்கள்.

காவல் நிலைய வேலை சுலபமாக முடிந்தது. போகும் தேதி, வரும் தேதி, பக்கத்து வீட்டு நம்பர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் முதலில் கேட்டது, “நகையை என்ன செஞ்சீங்க?” பேங்க் லாக்கர் என்றதும், “அப்ப நிம்மதியாப் போய்ட்டு வாங்க” என்று நோட்டில் குறித்துக்கொண்டார். இரவு ரோந்து பைக் அந்தத் தெருவுக்குள் வந்து திரும்புவதைப் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கடி பார்த்திருக்கிறார்.

அங்கே போன பிறகு தொந்தரவு கேமராவால்தான். தெருநாய், பூனை, காற்றில் ஆடும் வாழை இலை, எதற்கெடுத்தாலும் போன் அலறியது. பேரனைத் தூங்கவைத்த நேரமாகப் பார்த்து அலறும். அப்புறம் மாப்பிள்ளைதான், மனித உருவம் தெரிந்தால் மட்டும் அறிவிக்கும்படி ஆப்பில் மாற்றிக் கொடுத்தார். அதன்பின் தினமும் வந்தது ஒரே ஓர் அறிவிப்புதான்: காலை ஆறு மணிக்கு, வாளியோடு அக்கா.