பத்து மீட்டர் உயரத்துக் காற்று

அறுபது ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் காற்று எவ்வளவு வேகத்தில் வீசியது என்று அறிய, அன்று அங்கே காற்றுமானி இருந்திருக்க வேண்டும். இல்லாத இடங்களுக்கு மறுபகுப்பாய்வுதான் துணை: இன்றைய கணினி வானிலை மாதிரியைப் பழைய நாட்களுக்கு ஓடவிட்டு, அந்நாட்களில் பதிவான அளவீடுகளைக் கொண்டு அதைத் தொடர்ந்து திருத்தி, வளிமண்டலத்தின் நிலையை மீட்டெடுக்கும் முறை அது. ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 (ERA5) என்ற மறுபகுப்பாய்வுத் தொகுப்பு 1940 முதல் மணிக்கு மணி, ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களில், இதைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டு மறுபகுப்பாய்வின் மூன்றாம் பதிப்போ, வளிமண்டல அளவீடுகளில் தரைமட்ட அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு 1836 வரை பின்னோக்கிச் செல்கிறது. அழுத்த வேறுபாடே காற்றை நகர்த்துகிறது என்பதால், யாரோ பொறுமையாக எழுதிவைத்த அழுத்தமானியின் பாதரச மட்டத்திலிருந்து அன்றைய புயலின் காற்றை மீட்க முடிகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது வியப்பளிக்கிறது.

ஆனால் தரையை நெருங்க நெருங்க என் நம்பிக்கை குறைகிறது. ஒரு கட்டத்துக்குள் ஏரியும் தோப்பும் ஊரும் இருக்கலாம். மாதிரி தருவது அவற்றின் சராசரிக் காற்றை. காற்றுமானி நிற்பதோ ஒரே இடத்தில், வழக்கமாகப் பத்து மீட்டர் உயரத்தில். அங்கே வேகம் வினாடிக்கு 5 மீட்டர் என்றால், நூறு மீட்டர் உயரத்தில் புல்வெளிக்கு மேல் அது சுமார் 7 மீட்டராகவும், புதர்களும் வேலிகளும் நிறைந்த நிலத்துக்கு மேல் 8 மீட்டருக்குச் சற்று அதிகமாகவும் இருக்கும் என்கிறது, உயரத்தோடு காற்றின் வேகம் கூடுவதைக் கணக்கிடும் மடக்கைச் சூத்திரம். அதுவும் காற்று நன்கு கலந்திருக்கும் வேளைக்கே பொருந்தும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்து, கீழ்க்காற்று மேல்காற்றிலிருந்து துண்டிக்கப்படும்போது, காற்றுமானியின் கிண்ணங்கள் அசையாமல் நிற்க, மாதிரி மெல்லிய காற்று வீசுவதாகச் சொல்வதுண்டு. காற்றாலை ஆற்றல் வேகத்தின் மும்மடியைச் சார்ந்தது. வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டிச் சொன்னால், ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும்.

இதற்காக மாதிரியை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. 1980-களிலிருந்து சுமார் 2010 வரை பல நாடுகளின் நிலையங்களில் காற்று தளர்ந்ததாகப் பதிவுகள் காட்டின; மறுபகுப்பாய்வுகளில் அந்தத் தளர்ச்சி அவ்வளவாகத் தென்படவில்லை. நிலையங்களைச் சுற்றி மரங்களும் கட்டடங்களும் பெருகியது அதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆகவே இரண்டையும் ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது நிலையத்தின் குறிப்பேட்டைத்தான். கம்பம் இடம் மாறிய நாளும், கருவி மாற்றப்பட்ட நாளும், அருகில் கட்டடம் எழுந்த ஆண்டும் அதில் இருந்தால், காற்று உண்மையிலேயே தளர்ந்ததா, காற்றுமானி மறைக்கப்பட்டதா என்று பிரித்தறிய ஒரு பிடி கிடைக்கிறது.