தொட்டியின் அடியில் மிஞ்சுவது

2001 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி-சி3 ராக்கெட், டி.இ.எஸ்., புரோபா, பேர்டு என்ற மூன்று செயற்கைக்கோள்களையும் ஒழுங்காக இறக்கிவிட்டது. ராக்கெட்டின் நான்காம் அடுக்குக்கு அதோடு வேலை முடிந்தது. வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த அந்த அடுக்கு, இரண்டு மாதம் கழித்து டிசம்பர் 19 அன்று வெடித்தது. ரேடார் பட்டியலில் 300க்கும் மேற்பட்ட துண்டுகள் புதிதாக ஏறின. எதுவும் அதன்மேல் வந்து மோதவில்லை. உள்ளே மிஞ்சியிருந்த உந்துபொருள்தான் காரணம்.

விண்வெளிக் குப்பை என்றதும் வலை வீசிப் பிடிப்பது, ஈட்டி எறிந்து இழுப்பது, லேசரால் சுடுவது என்று பேச்சு போய்விடுகிறது. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பிரச்சினையில் பாதிக்கு மேல் தொட்டியின் அடியில் மிஞ்சும் சில கிலோ திரவத்தைப் பற்றியதுதான் என்பது என் கணிப்பு. அப்படியே விட்டால் அது வெடிக்கும். கணக்கு பார்த்து ஒதுக்கி வைத்தால், அதே திரவம் செயற்கைக்கோளைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

முதலில், ஏன் மிஞ்சுகிறது? கீழடுக்குகள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாகத் தள்ளினால் ஈடுகட்ட வேண்டும் என்று மேலடுக்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுவார்கள். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கில் எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசீன்; ஆக்சிஜனேற்றி, நைட்ரஜன் ஆக்சைடுகளின் கலவை. இரண்டும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். தீப்பொறி வேண்டாம் என்பது எஞ்சினுக்கு வசதி, கைவிட்ட அடுக்குக்கு ஆபத்து. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெயிலும் நிழலும் மாறி மாறி அடிப்பதில் தொட்டி விரிந்து சுருங்கும், அழுத்தம் ஏறி இறங்கும். சீல் ஒன்று தளர்ந்தாலோ, வெல்டிங் இணைப்பு ஒன்றில் விரிசல் விழுந்தாலோ போதும்.

மருந்து எளிமையானது: காலி செய்துவிடுவது. செயற்கைக்கோள்கள் பிரிந்து பத்திரமான தூரம் போனபின் வால்வுகளைத் திறந்து ஒரு திரவத்தை வெளியே விடுகிறார்கள். இடைவெளி விட்டு மற்றதை. பிறகு தொட்டியை அழுத்தத்தில் வைத்திருந்த ஹீலியம். திரவங்கள் இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் எது நடக்கக் கூடாது என்று பார்க்கிறோமோ அதுவே நடக்கும். இதிலும் இடறும் இடங்கள் உண்டு. வெற்றிடத்தில் வேகமாக ஆவியாகும் திரவம் தன் சூட்டைத் தானே இழந்து உறைந்து குழாயை அடைத்துக்கொள்ளும். வெளியேறும் வாயு ஒருபக்கமாகத் தள்ளினால் அடுக்கு உருளத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுக்கின் பேட்டரி தீர்வதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

பேட்டரியும் லேசுப்பட்டதல்ல. 2015 பிப்ரவரியில் அமெரிக்காவின் டி.எம்.எஸ்.பி-எஃப்13 வானிலைக்கோள் சிதறியது பேட்டரிக் கம்பிகளில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டால்தான். அதற்கு அப்போது வயது இருபது. ஓய்வு கொடுக்கும்போது சூரியத் தகடுகளிலிருந்து பேட்டரிக்குப் போகும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது இன்று எழுதப்பட்ட விதி. ஆனால் பழைய கோள்கள் பலவற்றில் அதற்கான சுவிட்சே கிடையாது. கோள் உயிரோடு இருக்கும்போது பேட்டரி தவறுதலாகக்கூடத் துண்டிக்கப்படக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியவை அவை.

சிதறும் துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தால் பரவாயில்லை? ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய உருண்டையின் எடை ஒன்றரை கிராம்கூட வராது. தாழ்ந்த பாதைகளில் மோதல் வேகம் சாதாரணமாக வினாடிக்கு 10 கி.மீ. அந்தக் கணக்கில் ஆற்றல் சுமார் 70 கிலோஜூல்: ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம், அதுவும் விரல்நுனி அளவு இடத்தில். ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீட்டில் 1 முதல் 10 செ.மீ. வரையுள்ள துண்டுகள் 12 லட்சம். 10 செ.மீ.க்கு மேற்பட்டவற்றை ரேடார் பின்தொடரும், விலகிக்கொள்ளலாம். ஒரு செ.மீ.க்குக் கீழே இருப்பதைக் கவசத் தகடு தாங்கக்கூடும். நடுவில் உள்ள இந்த 12 லட்சம்தான் வயிற்றைக் கலக்குவது. பெரும்பாலும் கண்ணுக்கும் தெரியாது, கவசத்துக்கும் அடங்காது.

தெரிந்தவற்றிலிருந்து விலகுவது நினைப்பதைவிட மலிவு. மோதல் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் பாதையை மாற்றுவது என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கும் வரம்பு. ஒரு நாள் முன்பே செய்தால், பயணத் திசையில் வினாடிக்கு வெறும் 1 செ.மீ. வேகமாற்றம் போதும். பாதையின் உயரம் துளி மாறுவதால் சுற்றும் நேரமும் துளி மாறி, 24 மணி நேரத்தில் கோள் தன் பழைய இடத்திலிருந்து இரண்டரை கி.மீ. விலகியிருக்கும். ஒரு டன் கோளுக்கு இதற்குச் செலவாகும் ஹைட்ரசீன் ஏறக்குறைய 5 கிராம், ஒரு தேக்கரண்டி. உண்மையான செலவு வேறு இடத்தில். படமெடுப்பு நிற்கும், புதிய பாதையில் வேறு எதுவும் குறுக்கிடுகிறதா என்று மறுபடி முழுப் பட்டியலோடும் ஒப்பிட வேண்டும், அதற்கெல்லாம் ஆள் வேண்டும். சூரியப் புயல் அடித்தால் மேல் வளிமண்டலம் உப்பி, இழுவை மாறி, முந்தைய நாள் போட்ட கணக்கு வீணாகும்.

ஏவும்போதும் இதே சோதனைதான். 2024 டிசம்பர் 30 அன்று இரவு 9.58க்குக் கிளம்ப வேண்டிய பி.எஸ்.எல்.வி-சி60 பத்து மணிக்குக் கிளம்பியது. இரண்டு நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். மேலே சுற்றும் பொருள் அந்த இரண்டு நிமிடத்தில் 900 கி.மீ. போயிருக்கும்.

உயரத்தைச் சொல்லாமல் குப்பையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. 2007 ஜனவரியில் சீனா தன் ஃபெங்யுன்-1சி கோளைத் தகர்த்தது சுமார் 860 கி.மீ. உயரத்தில். பட்டியலில் ஏறிய 3,000க்கும் மேற்பட்ட துண்டுகளில் பெரும்பாலானவை இன்றும் அங்கேயே சுற்றுகின்றன. 2019 மார்ச் 27 அன்று இந்தியா மைக்ரோசாட்-ஆர் கோளைத் தகர்த்தது 300 கி.மீ.க்கும் கீழே. அங்கே மிச்சமிருக்கும் காற்றே துடைத்துவிடும். ஆனால் 45 நாளில் எல்லாம் போய்விடும் என்று அப்போது சொன்னது நடக்கவில்லை. மோதலின் வேகத்தில் சில துண்டுகள் மேல்நோக்கி எறியப்பட்டன. கடைசியாகப் பின்தொடரப்பட்ட துண்டு விழ மூன்று ஆண்டுகள் பிடித்தது. தாழ்வாகச் செய்தால் பாதகமில்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை.

இனி, மிச்ச எரிபொருள் நல்லது செய்த கதை. இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் 867 கி.மீ. உயரத்தில் சுற்றியது, ஒரு டன் ரகம். மூன்றாண்டுக்கென்று போனது, பத்தாண்டு வேலை செய்தது. விட்டிருந்தால் தானாக இறங்க நூறாண்டுக்கு மேல் ஆகும். தொட்டியில் சுமார் 125 கிலோ எரிபொருள் இருந்தது. அது உள்ளே இருக்கும்வரை வெடிக்கும் ஆபத்தும் கூடவே இருந்தது. செலவழித்தால்? அந்த உயரத்திலிருந்து தாழ்முனையை, அதாவது பாதையில் பூமிக்கு மிக அருகே வரும் புள்ளியை, வளிமண்டலத்துக்குள் இறக்க வினாடிக்கு சுமார் 230 மீட்டர் வேகம் குறைய வேண்டும். அதற்கு நூறு கிலோவுக்குச் சற்று மேல் பிடிக்கும். இருப்பு போதும்.

போதும் என்பது காகிதத்தில். இப்படி இறக்குவதற்கென்று கட்டிய கோள் அல்ல அது. பழையதாகிப் பல கருவிகளின் மாற்று ஏற்பாடுகள் செயலிழந்திருந்தன. சிறு உந்துகலன்களுக்கு வலு குறைவு என்பதால் ஒரே மூச்சில் இறக்க முடியாது. எனவே 2022 ஆகஸ்டிலிருந்து ஏறத்தாழ 120 கிலோவைச் செலவழித்து, இருபது முறை சிறிது சிறிதாகத் தாழ்முனையைக் கீழே கொண்டுவந்தார்கள். தாழ்முனை 300 கி.மீ.க்குக் கீழே வந்ததும் காற்றின் இழுவை கோளைத் திருப்பப் பார்க்கும். மனிதர்கள் இருக்கும் விண்வெளி நிலையங்களின் பாதையையும் தாண்டியாக வேண்டும். 2023 மார்ச் 7 அன்று நான்கு 11 நியூட்டன் உந்துகலன்களை ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிடமாக இரண்டு முறை எரித்தார்கள். பசிபிக் பெருங்கடலில் ஆளில்லாத பகுதியின் மேலே அது கரைந்தது.

எல்லாக் கோளுக்கும் இத்தனை கிலோ மிஞ்சாது. கார்ட்டோசாட்-2இல் இருந்தது 26 கிலோ. 635 கி.மீ. பாதையின் தாழ்முனையை 2020 தொடக்கத்துக்குள் 380 கி.மீ.க்கு இறக்க மட்டும் அது போதுமானது. மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. முப்பது ஆண்டு பிடித்திருக்க வேண்டிய இறக்கம் 2024 பிப்ரவரி 14 அன்று முடிந்தது. எங்கே விழும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது என்பது இதில் குறை. 680 கிலோ கோளுக்கு அது தாங்கும், எட்டு டன் கோளுக்குத் தாங்காது.

2001இல் வெடித்த அதே நான்காம் அடுக்கும் மாறிவிட்டது. 2024 புத்தாண்டு அன்று கிளம்பிய பி.எஸ்.எல்.வி-சி58, எக்ஸ்போசாட்டை 650 கி.மீ.யில் விட்டபின், எஞ்சினை மறுபடி எரித்து 350 கி.மீ.க்கு இறங்கி, தொட்டிகளைக் காலி செய்து, சில வாரங்கள் ஆய்வுக்கருவிகளைச் சுமந்து, மார்ச் 21 அன்று வட பசிபிக்கில் விழுந்தது.

தாமாக இறங்க முடியாதவற்றுக்கு வேறு கோள் போய்த்தான் ஆக வேண்டும். 2024இல் ஜப்பானின் அட்ராஸ்-ஜே, 2009இலிருந்து சுற்றும் மூன்று டன் ராக்கெட் அடுக்கு ஒன்றை 15 மீட்டர் வரை நெருங்கியது. பிடிக்கவில்லை, பார்த்துவிட்டு விலகியது. ஒன்றை நெருங்கிப் பார்க்கவே ஒரு தனிப் பயணம்.

36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோள்களைக் கீழே கொண்டுவருவதற்கு இல்லை, காற்றும் உதவாது. அவற்றை மேலே தள்ளுகிறார்கள். விண்வெளிக் குப்பைக்கான சர்வதேச ஒருங்கிணைப்புக் குழுவின் வழிகாட்டுதல்: குறைந்தது 235 கி.மீ., அதோடு கோளின் பரப்பு-எடை விகிதத்தைப் பொறுத்து இன்னும் சில பத்து கி.மீ. மொத்தம் 300 கி.மீ. என்று வைத்தால் வினாடிக்கு 11 மீட்டர் வேகம் வேண்டும். அது அந்தக் கோள் தன் இடத்தில் நிற்க இரண்டரை, மூன்று மாதத்துக்குச் செலவழிக்கும் எரிபொருள். அதாவது இரண்டரை மாத வாடகை வருமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

அதைவிடச் சிக்கல், எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிவது. எடையற்ற நிலையில் திரவம் தொட்டிச் சுவரில் ஒட்டிக் கிடக்கும். பைக்கில் இருப்பதுபோல மிதவை வைத்து அளக்க முடியாது. ஒவ்வொரு எரிப்புக்கும் எத்தனை கிராம் போனது என்று பதினைந்து ஆண்டு எழுதிவைத்த வரவு செலவு ஒரு வழி. தொட்டியின் அழுத்தமும் வெப்பமும் வைத்துப் பார்ப்பது இன்னொரு வழி. இரண்டும் ஆயுளின் கடைசியில்தான் அதிகம் பிசகும். கணக்கில் பத்து கிலோ இருக்கிறதென்று நம்பி, பாதித் தள்ளலில் ஹீலியம் மட்டும் வெளியே வந்தால் கோள் நட்டநடுப் பாதையில் நின்றுவிடும். பிசகு எத்தனை கிலோவோ, அத்தனை கிலோவையும் 'இல்லை' என்றே வைத்து ஓய்வு நாளைக் குறிப்பதுதான் சரி.