வண்டியில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கும்போது போலீஸ் நிறுத்தினால்: டெக்ஸஸ் நடைமுறை

முதல் வேலை வீட்டு கராஜிலேயே முடிந்துவிட வேண்டும். டிரைவிங் லைசென்ஸும் இன்சூரன்ஸ் அட்டையும் ஓரிடத்தில், துப்பாக்கி இன்னோரிடத்தில். க்ளவ் பாக்ஸில் இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் பரவலான பழக்கம், அதுதான் ஆபத்தும். இன்சூரன்ஸ் கேட்டதும் க்ளவ் பாக்ஸைத் திறப்பீர்கள், அதிகாரியின் டார்ச் வெளிச்சம் முதலில் விழுவது துப்பாக்கியின் பிடி மேல். அதற்குப் பிறகு நடக்கும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். காகிதங்களைத் தலைக்கு மேலுள்ள சன் வைசரில் செருகி வையுங்கள். டெக்ஸஸில் இன்சூரன்ஸைப் போனில் காட்டலாம், அப்படிக் காட்டுவது போனின் மற்ற உள்ளடக்கத்தைப் பார்க்க அனுமதி ஆகாது என்றும் சட்டத்தில் இருக்கிறது. இருந்தாலும் அச்சடித்த அட்டையே நல்லது. இருட்டில் போனைத் தேடித் துழாவும் கை யாருக்கும் நல்லதாகத் தெரியாது.

வெளியே தெரியும்படி துப்பாக்கி வைப்பதானால் ஹோல்ஸ்டருக்குள் (துப்பாக்கி உறைக்குள்) இருக்க வேண்டும். 2021 செப்டம்பர் 1 முதல் டெக்ஸஸில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபிறகும் இந்த விதி போகவில்லை. சீட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே சும்மா செருகி வைத்தால், அது கண்ணில் படும்போதே ஒரு குற்றச்சாட்டுக்கு இடம் கொடுக்கிறீர்கள். பின் கண்ணாடியில் துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாத வேலை. திருடனுக்கும் அது விளம்பரம்தான்.

நம்மவர்களுக்கு இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. டெக்ஸஸ் சட்டம் எவ்வளவு தாராளமானதாக இருந்தாலும் இங்கே உதவாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அதையே காரணமாகக் காட்டி நாடு கடத்தலாம். வீட்டில் ஒருவருக்கு கிரீன் கார்டு, இன்னொருவருக்கு எச்-1பி என்றால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அண்ணனின் துப்பாக்கி கன்சோலில் இருக்கிறது என்று தெரிந்தே தம்பி காஸ்ட்கோவுக்கு அந்த வண்டியை எடுத்துப் போனால், அந்த நேரத்தில் அதை வைத்திருப்பவர் தம்பிதான். வண்டி கைமாறும் முன் துப்பாக்கி வீட்டு சேஃபுக்குள் போயிருக்க வேண்டும்.

சரி, பின்னால் சிவப்பு நீல விளக்கு எரிகிறது. வலப்பக்க இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுங்கள், எஞ்சினை அணையுங்கள், இரவானால் உள்விளக்கைப் போடுங்கள், ஜன்னலை இறக்குங்கள். கை இரண்டும் ஸ்டியரிங்கின் மேல் பாதியில், விரல்கள் தெரியும்படி. அவர் வருவதற்குள் குனிந்து எதையாவது எடுப்பதும் ஒளிப்பதும் கூடாது. பின்னால் நிற்பவருக்குத் தெரிவது உங்கள் தோள் அசைவு மட்டும்தான். நீதிமன்றத்தில் அது 'சந்தேகத்துக்குரிய அசைவு' என்று வந்து நிற்கும். நெடுஞ்சாலை ஓரமென்றால் அவர் பயணி பக்க ஜன்னலுக்கு வருவதும் உண்டு, எனவே அந்தக் கண்ணாடியையும் இறக்கி வையுங்கள். பதிவு செய்ய வேண்டுமானால் டேஷ்கேம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போனைக் கையில் தூக்க வேண்டாம்.

துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா? டெக்ஸஸில் எல்டிசி (லைசென்ஸ் டு கேரி, அதாவது கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லும் லைசென்ஸ்) அட்டை வைத்திருப்பவர் கைத்துப்பாக்கியோடு இருக்கும்போது அதிகாரி அடையாளம் கேட்டால், டிரைவிங் லைசென்ஸோடு அந்த அட்டையையும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தண்டனை என்பதை 2009-இல் எடுத்துவிட்டார்கள், கடமை மட்டும் நிற்கிறது. அட்டை இல்லாமல் வைத்திருப்பவருக்கு, தானாகச் சொல்லும் கடமை இல்லை. எங்கள் கருத்து: துப்பாக்கி இடுப்பிலோ கைக்கெட்டும் இடத்திலோ இருந்தால் சொல்லிவிடுங்கள். டிக்கியில் பூட்டிக் கிடந்தால் பேச்சை எடுக்கத் தேவையில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் உயிர் இருக்கிறது. "கன்" என்ற சொல்லில் தொடங்காதீர்கள். முதலில் அட்டை, பிறகு இடம், பிறகு கேள்வி. "ஆபீசர், ஐ ஹேவ் எ லைசென்ஸ் டு கேரி. இட்ஸ் ஆன் மை ரைட் ஹிப். மை வாலட் இஸ் இன் தி லெஃப்ட் பாக்கெட். ஹவ் வுட் யூ லைக் மீ டு ப்ரொசீட்?" இதைச் சொல்லும்போது கை ஸ்டியரிங்கைவிட்டு அகலக் கூடாது, பதில் வரும்வரை எதையும் எடுக்கவும் கூடாது. 2016 ஜூலை 6 அன்று மின்னசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் பிலாண்டோ காஸ்டீலிடம் லைசென்ஸும் இன்சூரன்ஸும் கேட்டார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதாக அவர் மரியாதையாகவே சொன்னார், பெர்மிட்டும் இருந்தது. 'எடுக்காதே', 'எடுக்கவில்லை' என்ற வாக்குவாதம் முடிவதற்குள் 7 குண்டுகள். சுட்ட அதிகாரி மறு ஆண்டு விடுதலையானார். காஸ்டீல் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் காகிதம் எடுக்கச் சொன்ன கட்டளையும் துப்பாக்கி என்ற சொல்லும் ஒரே மூச்சில் மோதும்போது என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

அடுத்து அதிகாரி என்னென்ன செய்யலாம் என்பது. வண்டியைவிட்டு இறங்கச் சொல்லலாம். 1977-இல் உச்ச நீதிமன்றம் மிம்ஸ் வழக்கில் டிரைவருக்கும், 1997-இல் வில்சன் வழக்கில் பயணிகளுக்கும் இதைச் சொல்லிவிட்டது. காரணம் சொல்ல வேண்டியதில்லை, இறங்க மறுத்து வாதாடுவதில் பயனும் இல்லை. தன் பாதுகாப்புக்காகவோ உங்கள் பாதுகாப்புக்காகவோ, மற்றவர் பாதுகாப்புக்காகவோ அவசியம் என்று நியாயமாக நம்பினால் எல்டிசி வைத்திருப்பவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக வாங்கி வைக்கவும் டெக்ஸஸ் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்களால் ஆபத்தில்லை, சட்டமீறலும் இல்லை, கைதும் இல்லை என்றால் அனுப்பும் முன் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வாங்கும்போது நீங்களாகத் தொடாதீர்கள். "நீயே எடுத்துக் கொடு" என்றால்கூட, "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் கையை அசைக்க விரும்பவில்லை" என்று சொல்வது மேல். முடிந்தால் ஹோல்ஸ்டரோடு கழற்றச் சொல்லுங்கள். ட்ரிகர் மூடியே இருக்கும். சாலையோரத்தில் பழக்கமில்லாத மாடலின் சேம்பரைக் (சுடத் தயாராகத் தோட்டா இருக்கும் அறையை) காலி செய்கையில்தான் தவறி வெடிக்கும் வாய்ப்பு அதிகம். சேம்பரில் ஒரு தோட்டா இருக்கிறதா, மேனுவல் சேஃப்டி உண்டா என்ற இரண்டையும் கேட்காமலே சொல்லிவிடலாம். திரும்பக் கொடுக்கும்போது மேகசின் தனியாக, தோட்டாக்கள் உதிரியாகப் பின் சீட்டில் கிடக்கலாம், "நான் போனபிறகு லோட் செய்" என்பார்கள். அப்படியே செய்யுங்கள். சீரியல் எண்ணைக் கணினியில் தட்டிப் பார்ப்பதும் நடக்கும். தெரியாதவரிடம் கைமாற்றாக வாங்கிய துப்பாக்கி எங்கோ திருடுபோனதாகப் பதிவாகியிருந்தால் அங்கேயே போய்விடும். தனியாரிடம் வாங்கும்போது ரசீது எழுதி வாங்கி வீட்டில் வைப்பது இதற்காகத்தான்.

துப்பாக்கியை வாங்கி வைப்பது வேறு, வண்டியைக் குடைவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றென நினைத்துத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 1983 லாங் வழக்கின்படி, ஆள் ஆபத்தானவர், ஆயுதம் அவர் கைக்கு எட்டும் என்று நியாயமான சந்தேகம் இருந்தால் பயணிகள் அமரும் பகுதியில் ஆயுதம் இருக்கக்கூடிய இடங்களைப் பார்க்கலாம். டிக்கி அதில் சேராது. லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருப்பதே ஒருவரை ஆபத்தானவர் ஆக்குமா என்பதில்தான் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. நான்காம் வட்டார நீதிமன்றம் (சில மாநிலங்களுக்கான கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம்) 2017-இல் ராபின்சன் வழக்கில் ஆகும் என்றது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2019-இல், மறைத்து வைத்திருப்பது மட்டுமே ஒருவரை நிறுத்தி விசாரிக்கக் காரணமாகாது என்றது. இதில் எங்களுக்கு மிகவும் உதவியாகத் தோன்றுவது கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் 2018 நவம்பரில் நடந்தது. டிரைவர் லைசென்ஸோடு துப்பாக்கி பெர்மிட்டையும் கொடுத்து, கதவுப் பையில் துப்பாக்கி இருக்கிறது என்றும் சொன்னார். அதிகாரி அவரை இழுத்து இறக்கி, விலங்கிட்டு, போலீஸ் காரில் உட்காரவைத்துவிட்டு டிக்கிவரை தேடினார். சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கி மட்டுமே இதற்கெல்லாம் காரணமாகாது என்று இரண்டாம் வட்டார நீதிமன்றம் 2024-இல் சொல்லி, தன்மேல் வழக்குத் தொடர முடியாது என்று அதிகாரி கோரிய சட்டக் காப்பையும் மறுத்தது. டெக்ஸஸ் இருப்பது ஐந்தாம் வட்டாரத்தில். அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, வக்கீல் எடுத்துக் காட்டலாம்.

முழு வண்டியையும் திறக்கும் சாவி கஞ்சா வாடை. டெக்ஸஸில் அந்த வாடை ஒன்றே போதும், வாரண்ட் இல்லாமல் டிக்கிவரை போகலாம். கொலராடோவிலோ நியூ மெக்சிகோவிலோ கடையில் சட்டப்படி வாங்கிய டிஎச்சி (கஞ்சாவின் போதைப்பொருள்) வேப் பையில் கிடந்தால், எடை ஒரு கிராமுக்குக் குறைவென்றாலும் இங்கே அது ஃபெலனி, அதாவது கடுங்குற்றம். அதோடு முடியாது. சாதாரண டிராஃபிக் மீறலைத் தாண்டிய குற்றத்தில் ஈடுபடும் நேரத்தில் வண்டியில் கைத்துப்பாக்கி இருந்தால் அது தனிக் குற்றம். குடித்துவிட்டு ஓட்டுவதும் இந்தக் கணக்கில் வரும். கூட்டாட்சிச் சட்டமோ கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருப்பதையே தடை செய்கிறது. மருத்துவ அட்டை காட்டினாலும் விலக்கு இல்லை.

இவை எதுவும் இல்லாதபோது மிஞ்சுவது உங்கள் சம்மதம். "மைண்ட் இஃப் ஐ டேக் எ லுக்?" என்று சிரித்தபடி கேட்பார்கள். இங்கே நம்மவர்களுக்கு இரண்டு பள்ளம். அந்தக் கேள்விக்குப் பதற்றத்தில் "நோ சார்" என்று சொன்னால் 'எனக்கு ஆட்சேபம் இல்லை, பாருங்கள்' என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது நம் தலையாட்டல். 'சரி, கேட்டுக்கொண்டேன்' என்று நாம் பக்கவாட்டில் ஆட்டுவது பாடிகேமில் (அதிகாரி உடலில் மாட்டியிருக்கும் கேமராவில்) சம்மதமாகத் தெரியும். தலையை அசைக்காமல் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்: "ஆபீசர், ஐ டோன்ட் கன்சென்ட் டு எனி சர்ச்சஸ்." மறுக்கும் உரிமை இருக்கிறது என்று அவர் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 1973-லிருந்தே சட்டம் அப்படித்தான். சம்மதம் கொடுத்தால் வண்டியிலுள்ள மூடிய பைகளும் அதற்குள் வரும். பாதியில் திரும்பப் பெறலாம், அதையும் வாயால் சொல்ல வேண்டும். துப்பாக்கி இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் பொய் மட்டும் சொல்லக் கூடாது.

டிக்கெட் எழுதத் தேவையான நேரத்துக்கு மேல், வேறு சந்தேகம் இல்லாமல், மோப்ப நாய் வரும்வரை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2015 ரோட்ரிகஸ் தீர்ப்பு சொல்கிறது. காகிதங்கள் கைக்கு வந்ததும் "ஆம் ஐ ஃப்ரீ டு கோ?" என்று கேளுங்கள். கேட்காமல் பேசிக்கொண்டிருந்தால் அது நீங்கள் விரும்பி நடத்திய உரையாடல் ஆகிவிடும். மறுத்தும் தேடுகிறார்களா? கையை நீட்டித் தடுக்காதீர்கள், கதவை மறித்து நிற்காதீர்கள். சம்மதம் இல்லை என்பதை இன்னொரு முறை கேமராவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

மாநில எல்லை தாண்டினால் பாதிக்கு மேல் மாறும். லூசியானா, மிச்சிகன், வட கரோலினாவில் கேட்காமலே சொல்ல வேண்டும். ஒஹையோவில் 2022 ஜூனிலிருந்து கேட்டால் சொன்னால் போதும். பள்ளியிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதற்கான கூட்டாட்சி விலக்கு, அந்த மாநிலமே கொடுத்த லைசென்ஸ் வைத்திருப்பவருக்கும், தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்திருப்பவருக்கும்தான். லைசென்ஸ் தேவையில்லாத மாநிலத்திலும் எல்டிசி எடுத்து வைப்பதற்கு இதுவே போதுமான காரணம். நியூ ஜெர்சி தனி உலகம். 2013-இல் பென்சில்வேனியா பெர்மிட் வைத்திருந்த ஒரு பெண், அங்கே நிறுத்தப்பட்டபோது துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொல்லிக் கைதானார். பல ஆண்டு கட்டாயச் சிறை காத்திருந்தது. 2015-இல் ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்புக் கொடுத்த பிறகே பெயர் சுத்தமானது. அந்த வழியாகப் போக வேண்டியிருந்தால் தோட்டாவை இறக்கி, துப்பாக்கியையும் தோட்டாவையும் பூட்டிய பெட்டிகளில் டிக்கியில் வையுங்கள். கன்சோலும் க்ளவ் பாக்ஸும், பூட்டு இருந்தாலும், மாநிலம் கடந்து துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான கூட்டாட்சிச் சட்டத்தில் பெட்டியாகக் கணக்கில்லை.

தேடல் முறையற்றது என்று பட்டால் அன்றிரவே எழுதி வையுங்கள்: நேரம், மைல் குறி அல்லது அருகிலுள்ள எக்ஸிட், அதிகாரியின் பெயர், பேட்ஜ் எண், என்ன கேட்டார், என்ன பதில் சொன்னீர்கள். டெக்ஸஸில் பாடிகேம் பதிவு கேட்டு எழுதும்போது தேதியும் தோராயமான நேரமும், குறிப்பான இடமும், பதிவில் உள்ள ஒருவர் பெயரும் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனால் மனு நகராது. பதிவைக் குறைந்தது 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதற்குமேல் உத்தரவாதம் இல்லை. ஆகவே அழிக்காமல் வைக்கச் சொல்லும் கடிதத்தை முதல் வாரமே வக்கீல் மூலம் அனுப்புங்கள். அதிகாரி மீது புகார் என்றால் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும், போனில் சொன்னது கணக்கில் வராது. வழக்குப் போட்டிருந்தால் தேடிக் கிடைத்ததைச் சாட்சியத்திலிருந்து நீக்கக் கோரும் மனு. வழக்கே இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்றால் கூட்டாட்சி சிவில் உரிமை வழக்கு. டெக்ஸஸில் அதற்குக் காலவரம்பு 2 ஆண்டு.